பழைய ஆம்ப்ளிபயர் வாங்குமுன்

கால்மிதிகளால் சுருதி மாற்றி வாசிக்கப்படும் பெடல் ஸ்டீல் கிட்டாரின் நாதம் நீண்டு ஒலிப்பது. அது கலங்காதிருக்க ஆற்றல் மிகுந்த ஆம்ப்ளிபயர் தேவை. ஆகவே அமெரிக்க இசைஞர் பலர் 1980-களின் பீவி நாஷ்வில் 400-ஐ இன்றும் தேடி வாங்குகின்றனர். 15 அங்குல ஸ்பீக்கரும் 200 வாட்டுக்கு மேற்பட்ட ஆற்றலும் உடையது அது.

வாங்குமுன் அரைமணி நேரமேனும் வாசித்துப் பாருங்கள். ஒலி இடையிடையே தேய்ந்து மறைகிறதா? வெறுத்து ஒதுக்கிவிட வேண்டாம். ப்ரீ ஆம்ப் அவுட், பவர் ஆம்ப் இன் என்னும் இரு ஜாக்குகளையும் ஒரு சிறு கேபிளால் இணையுங்கள். ஒலி நிலைபெற்றால், பெரும்பாலும் குற்றம் ஜாக்கினுள் படிந்த அழுக்கே. (விலை பேசவும் இதுவே தருணம்!)

ஓயாத உறுமல் எழுமாயின் கண்டென்சர்கள் உலர்ந்திருக்கலாம். அவற்றைத் தாமே தொடுவது உயிருக்கே ஆபத்து. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்சாரம் அவற்றில் தங்கியிருக்கும். தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவரது கூலியையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே பணத்தை எண்ணுங்கள்.