ரசீதில்லாத எண்கள்

சங்கத்தின் பேரேட்டில் ஒரு தொகை இருந்து, அதற்குரிய ரசீது இல்லையாயின் தணிக்கையில் அது ஒப்புக்கொள்ளப்படுவதில்லை. ஆராய்ச்சிச் சாலையில் எழுதப்படும் எண்களுக்கும் இவ்விதி பொருந்தும். ‘இந்நூல் இவ்வளவு பாரம் தாங்கிற்று’ என்று மட்டும் குறித்தல் போதாது. எந்தப் பஞ்சு, எத்தனையாம் நம்பர் நூல், எந்தக் கருவி, காற்றில் ஈரம் எவ்வளவு என்பனவும் உடன் இருத்தல் வேண்டும்.

மேற்கு ஜெர்மனியின் மாநிலங்கள் 1968-இல் செய்துகொண்ட உடன்பாட்டினால், தொழிலுக்கு நேரே பயன்படும் கல்விக்கெனத் தனி உயர்கல்வி நிலையங்கள் தோன்றின. இன்று அவை பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்கள் எனப்படுகின்றன. 1971-இல் நிறுவப்பட்ட நீடர்ரைன் நிலையத்தில் நெசவுத் தொழில்நுட்பமும், அதே ஆண்டு தோன்றிய வைஹன்ஸ்டெபன் நிலையத்தில் வேளாண்மையும் கற்பிக்கப்படுகின்றன.

இத்தகைய நிலையங்களின் ஆராய்ச்சி பெரும்பாலும் தொழிலகங்களுடன் கூடி நடப்பது. இடர்ப்பாடும் அங்கேதான் பிறக்கிறது. பேராசிரியர் வாரந்தோறும் சுமார் 18 பாடவேளை கற்பிக்க வேண்டியிருப்பதால், குறிப்புகளைச் சீர்செய்ய ஓய்வு அரிது. அளவெடுத்த மாணவர் பட்டம் பெற்றுச் சென்றால் குறிப்பும் அவருடைய கணிப்பொறியோடு போய்விடக்கூடும். தொழிலகமோ தன் இரகசியம் வெளிப்படலாகாது என்கிறது.

இவ்விழப்பு நமக்கும் புதிதன்று. நான் பார்வையிட்ட ஒரு சங்கத்தில் சாய மேஸ்திரி ஓய்வு பெற்றபின், வியாபாரி கேட்ட அதே நிறத்தை மீண்டும் தோய்க்க இயலவில்லை. கலவையின் அளவு அவருடைய கைநோட்டில் இருந்தது. கைநோட்டு அவருடன் சென்றது.

ஆய்வுக்கு அடிப்படையான குறிப்புகளைப் 10 ஆண்டுகள் காத்தல் வேண்டுமென ஜெர்மன் ஆராய்ச்சிக் கழகம் 1998-இல் பரிந்துரைத்தது. குறிப்புகள் எளிதிற் கண்டெடுக்கவும், பெறவும், பிறவற்றுடன் இணைக்கவும், மீண்டும் பயன்படுத்தவும் தக்கனவாய் இருத்தல் வேண்டுமென, அறிஞர் பலர் கூடி 2016-இல் நெறிகள் வெளியிட்டனர். யாவற்றையும் யாவர்க்கும் திறந்துவைக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. இரகசியம் காக்கப்படலாம், ஆனால் யார், எந்நிபந்தனையின்பேரில் பார்க்கலாம் என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும்.

நெறி மட்டும் போதாது. குறிப்புகளைப் பேணத் தனி அலுவலர், பொதுவான சேமிப்பிடம், வேலை தொடங்குமுன்பே எழுதிய திட்டம் ஆகிய மூன்றும் வேண்டும்.

அங்கத்தினர்களே! நம் தறியிலும் வயலிலும் அளவெடுக்க எவரேனும் வந்தால், எண்கள் யாருடைய பொறுப்பில் இருக்கும், எத்தனை ஆண்டு இருக்கும், நமக்கு நகல் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். விடையைத் தீர்மானப் புத்தகத்தில் பதியுங்கள். உழைப்பு நம்முடையது, அதன் கணக்கும் நம்மிடம் இருத்தல் முறையே.