உஷார்! “மேஸ்திரி பார்த்துக்குவார்” என்று விட்டுவிடாதீர்கள்

வடக்கனந்தல், கச்சிராயபாளையம், சின்னசேலம் பக்கம் ரைஸ் மில், ஜவ்வரிசி ஆலை, செங்கல் சூளை நடத்துகிறவர்களே, ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பலைக் கொஞ்சம் நிறுத்துங்கள். வந்த ஆள் ஏன் தங்கவில்லை? இதைக் கேட்காமல் தள்ளிப்போட்ட கம்பெனிகள் உங்களைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியவை. அவையே தப்பவில்லை.

2021 டிசம்பர். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு, 150-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்று கூட இருந்தவர்களுக்கு ஒழுங்கான தகவல் இல்லை, வதந்திதான் வந்தது. ராத்திரியில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சுமார் 17,000 பேர் வேலை பார்த்த ஆலை மூடியது. கதவு திறந்தது 2022 ஜனவரி 12-ல், அதுவும் கொஞ்சம் பேரோடு. சோற்றிலும் குழம்பிலும் மிச்சம் பிடித்தது எத்தனை ரூபாய் இருக்கும்? ஏறக்குறைய ஒரு மாத உற்பத்திக்கு அது ஈடாகுமா?

அதற்கு ஒரு வருடம் முன்னால், 2020 டிசம்பர் 12, கோலார் பக்கம் நரசாபுராவில் ஐபோன் செய்த விஸ்ட்ரான் ஆலை. ஆட்களை மளமளவென்று சேர்த்தார்கள். வேலை நேரக் கணக்கைச் சரியாக வைக்கவில்லை. அக்டோபர், நவம்பர் சம்பளம் சிலருக்குத் தாமதமானது. ஒரு காலைப்பொழுதில் கண்ணாடி, கார், இயந்திரம் எல்லாம் நொறுங்கின. அடித்து நொறுக்கியதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் குறையைச் சரிசெய்யும்வரை புதிய ஆர்டர் கிடையாது என்று ஆப்பிள் கையை விரித்தது கண்ணாடி உடைந்ததற்காக இல்லை, வேலை நேர, சம்பளக் கணக்குக்காகத்தான். 2023-ல் அந்த ஆலை டாடா கைக்குப் போய்விட்டது.

இரண்டு இடத்திலும் ஓட்டை ஒன்றே. விடுதியை நடத்தியது கான்ட்ராக்டர். ஆட்களில் பெரும்பாலோரைக் கொண்டுவந்ததும் கான்ட்ராக்டர். கம்பெனி விழித்துக்கொள்ளும்போது ஓரிடத்தில் ரோடு மறியல், இன்னோரிடத்தில் அடித்து நொறுக்கல்.

சரி, ஆட்களை நன்றாகக் கவனித்தால் லாபம் உண்டா? வேலை செய்யச் சிறந்தவை என்று பட்டியலான அமெரிக்கக் கம்பெனிகளின் பங்குகளை 1984 முதல் 2009 வரை அலசினார் பேராசிரியர் அலெக்ஸ் எட்மன்ஸ். எதிர்பார்க்கக்கூடியதைவிட வருடத்துக்கு 3.5 சதவீதம் கூடுதலாக அவை ஈட்டின. அமெரிக்கக் கணக்கு நமக்கெதற்கு என்பீர்கள். சரி, நம்ம ஊர்க் கரும்புக்கு வருவோம்.

கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிறவர்களுக்குத் தெரியும், வெட்டிய கரும்பு காத்திருக்காது. ஒரு நாள் தாண்டினாலே எடை இறங்கும், சர்க்கரைச் சத்தும் இறங்கும். மேஸ்திரியிடம் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். அதில் வெட்டுகிறவர் கைக்கு எவ்வளவு போனது? கேட்பதில்லை. பாதி வயலில் அவர் அரிவாளைப் போட்டுவிட்டுப் போனால் நட்டம் மேஸ்திரிக்கா, உங்களுக்கா? கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவருக்குக் கேரளா, குடகு, திருப்பூர் என்று எத்தனையோ வழி இருக்கிறது.

சட்டத்திலும் ஒளிய இடமில்லை. கான்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை முதலாளி கொடுக்க வேண்டும் என்றது 1970-ம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம்; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. வரும் சனிக்கிழமை கூலி பட்டுவாடா நடக்கும்போது நீங்களே போய் நில்லுங்கள். யாருக்கு எவ்வளவு பிடித்தார்கள், எதற்கு என்று மேஸ்திரி இல்லாத நேரத்தில் விசாரியுங்கள். போன மாதம் சொல்லாமல் நின்றுபோனவர்களின் பெயரையும் எழுதி வாங்குங்கள்.