கற்றது வீணாவதில்லை

"எந்தப் பிரிவு எடுக்கப் போகிறாய்?" என்ற கேள்வி பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய எங்களை நாள்தோறும் சுற்றி வருகிறது. ஒரு முறை தேர்ந்தால் வாழ்நாள் முழுவதும் அதே பாதைதான் என்று பலர் அஞ்சுகிறோம். இறையழைத்தலைப் பற்றிப் பேச்சு எழுந்தாலோ, "மடத்துக்குப் போகிறவளுக்குப் படிப்பு எதற்கு?" என்பார் சிலர். "இவ்வளவு படித்துவிட்டு மடத்துக்கா?" என்று வருந்துவார் வேறு சிலர். இவ்விரு கேள்விகளுக்கும் டாக்டர் மேரி குளோரியின் வாழ்க்கை விடை தருகிறது.

இவர் 1887ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாயிருந்த அக்காலத்தில், 1910ல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். கண் மருத்துவத்தில் தேர்ச்சி அடைந்து, அந்நகரிலேயே நற்பெயருடன் தொழில் நடத்தி வந்தார்.

1915ல் ஒரு சிறு நூல் அவர் கைக்குக் கிடைத்தது. அது ஸ்காட்லாந்து நாட்டுப் பெண் மருத்துவர் ஆக்னஸ் மக்லாரனைப் பற்றியது. இந்தியாவில் பெண்கள் பலர் ஆண் மருத்துவரிடம் செல்ல வழக்கம் இடந்தராததால், சிகிச்சையின்றித் தாயும் சேயும் மடிகின்றனர் என்ற செய்தியை மேரி அறிந்தார். முழந்தாளிட்டு மன்றாடினார். தம் பணி இந்தியாவில்தான் என்பதை உணர்ந்தார்.

ஆனால் உடனே கப்பல் ஏறிவிடவில்லை. இந்தியத் தாய்மாருக்குக் கண் மருத்துவம் மட்டும் போதாதல்லவா? எனவே மகப்பேறு மருத்துவத்தையும் மகளிர் நோய்களையும் மேற்கொண்டு பயின்று, 1919ல் எம்.டி. பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு, தமது 32ஆம் வயதில், குண்டூர் வந்து சேர்ந்து இயேசு மரி சூசை சபையில் துறவறம் புகுந்தார்.

அங்கே ஓர் இடையூறு இருந்தது. துறவியர் மருத்துவத் தொழில் புரிய அக்காலத் திருச்சபைச் சட்டம் இடந்தரவில்லை. பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் இவருக்குச் சிறப்பு அனுமதி வழங்கினார். கன்னியர் மகப்பேறு மருத்துவத்தில் ஈடுபட உரோமை பொதுவாக வழிதிறந்தது 1936ல்தான். அதற்குப் பல்லாண்டு முன்னரே இந்த அருட்சகோதரி குண்டூரில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிகிச்சை அளித்து வந்தார். நம் நாட்டுப் பெண்களைத் தாதியராகவும், மருத்துவச்சிகளாகவும், மருந்து கலப்பவர்களாகவும் பயிற்றுவித்தார். 1943ல் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒன்றிணைக்கும் சங்கத்தைத் தொடங்கினார். இந்தியாவில் கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்பது அவர் கனவு. 1957ல் பெங்களூரில் அவர் காலமானார். அதே நகரில் 1963ல் புனித அருளப்பர் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 2013ல் திருச்சபை அவரை 'இறை ஊழியர்' என அறிவித்தது.

தோழியரே, மேரி குளோரி விட்டு வந்தவை எவை? வருவாய், சொந்த நாடு, உற்றார் உறவினர். விடாமல் கொண்டு வந்தது எது? அவருடைய கல்வி. அழைத்தல் அதை அழிக்கவில்லை; இன்னும் படிக்கவே தூண்டியது. மெல்போர்னில் அவர் ஊக்கமின்றிப் படித்திருந்தால், குண்டூரின் தாய்மாருக்குக் கொடுக்க அவரிடம் என்ன இருந்திருக்கும்?

ஆகவே நம்மில் ஒருத்தி அறிவியல் எடுக்கலாம், மற்றொருத்தி வணிகவியல் எடுக்கலாம். பின்னொரு நாள் இறைவன் நம்மை வேறு வழியில் திருப்பவும் கூடும். அது எந்த வழி என்று இன்றே அறிய இயலாது. இன்று நம் கையிலிருக்கும் பாடத்தை ஒழுங்காகக் கற்போம். நாளை அவர் கேட்கும்போது, கொடுக்க நம்மிடம் ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா?