மாட்டுங்காவில் ‘சபா’வும் ‘மந்திர்’உம்: பொது அரங்கப் பெயர்களும் மொழிபெயர்ப்பும்

மக்கள் கூடும் கட்டடத்தின் பெயர், அங்குக் கூடுவோர் யார் என்பதையும் உணர்த்தும். தமிழும் மராத்தியும் அருகருகே வழங்கும் மும்பை மாட்டுங்காவில் இது தெளிவாகப் புலப்படுகிறது.

இப்பகுதியின் புகழ்பெற்ற அரங்கம் சண்முகானந்தா ஆகும். 1952இல் தோன்றிய ஸ்ரீ சண்முகானந்தா நுண்கலை மற்றும் சங்கீத சபா 1963இல் இதனைத் திறந்தது. 1990இல் தீ விபத்துக்குள்ளான அரங்கம் புதுப்பிக்கப்பெற்று 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அதன் முழுப்பெயரில் காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதியின் பெயரும் இடம்பெறுகிறது. மக்கள் வழக்கிலோ ‘சண்முகானந்தா ஹால்’ என்பதே நிலைத்துள்ளது.

‘ஸபா’ என்னும் வடசொல் தமிழில் இரு வடிவங்களாகப் பிரிந்துள்ளது. ‘சபை’ என்பது அவையையும் திருச்சபையையும் குறிக்கும். ‘சபா’ என்பது இசை, நாட்டியம், நாடகம் நடத்தும் அமைப்பைக் குறிக்கும். மராத்தியில் ‘சபா’ என்பது கூட்டம். அரசியல் பொதுக்கூட்டமும் அதுவே. கட்டடம் ‘சபாக்ருஹ’ எனப்படும். ஆகவே மராத்திச் ‘சபா’வை அவ்வாறே தமிழில் பெயர்த்தால், தொழிலாளர் கூட்டம் இசைக் கச்சேரியாகிவிடும்.

இரயில் பாதைக்கு மேற்கே, தாராவியை ஒட்டியுள்ளது மாட்டுங்கா லேபர் கேம்ப். மராத்தித் தலித் எழுத்தாளர் பாபுராவ் பாகுல் இளமையில் வாழ்ந்த இடம் இது. அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு, சண்முகானந்தா அரங்கம் திறக்கப்பெற்ற அதே 1963இல் வெளிவந்தது.

மராத்தியில் உழைக்கும் மக்களின் குடியிருப்புகளிலுள்ள பொதுக்கூடம் ‘சமாஜ் மந்திர்’ எனப்படுகிறது. ‘மந்திர்’ என்பதைக் கண்டவுடன் ‘கோயில்’ எனப் பெயர்ப்பது பிழையாகும். வடமொழி ‘மந்திர’ என்பதன் பழம்பொருள் இல்லம். பிரபாதேவியிலுள்ள ‘ரவீந்திர நாட்டிய மந்திர்’ ஒரு நாடக அரங்கமே. தமிழிலும் அரசன் இல்லத்தைக் குறித்த ‘கோயில்’ இறைவன் இல்லமாயிற்று. பொதுவிடத்தைக் குறித்த ‘அம்பலம்’ தில்லைத் திருக்கூத்தின் களமாயிற்று. இங்குப் பிழை சொல்லளவில் நிற்பதில்லை. 1930இல் நாசிக் காலாராம் கோயிலில் நுழைய அம்பேத்கர் தலைமையில் போராடிய மக்களின் வழிவந்தோர் அமைத்த கூடம் கோயில் எனப் பெயர்க்கப்பட்டால், அவர்தம் வரலாறே திரிந்துவிடும். ‘சமுதாயக் கூடம்’ என்பதே பொருந்தும்.

‘லேபர் கேம்ப்’ என்பதையும் ‘தொழிலாளர் முகாம்’ எனப் பெயர்த்தல் தகாது. ‘முகாம்’ தற்காலிகத் தங்கலைச் சுட்டும். இதுவோ தலைமுறைகள் வாழ்ந்த ஊர். இடப்பெயராகிவிட்ட தொடரை ஒலிபெயர்ப்பதே முறையாகும். ‘சபா’, ‘மந்திர்’ போன்ற பொதுச் சொற்களையோ அகராதிப் பொருளால் மட்டும் அளவிடாது, அவற்றை வழங்கும் மக்களின் பயன்பாட்டால் அளந்து பெயர்த்தல் வேண்டும்.