களைப்பைப் போக்கும் காட்டுக் கனி

உழைப்போருக்கு உடல்வலிமை எத்துணை இன்றியமையாதது என்பதைக் காசிமேட்டில் மீன்கூடை சுமப்போரைக் கண்ட நாம் அறிவோம். அவ்வலிமை தரும் மூலிகை ஒன்றின் வரலாறு இது.

1987-ஆம் ஆண்டு, அகத்தியர் மலையில் ஆராய்ச்சிக்குச் சென்ற அறிவியலார் களைத்துப் போயினர். வழிகாட்டிய காணி இனத்தாரோ சிறு கனிகளைத் தின்று சோர்வின்றி நடந்தனர். சொல்லத் தயங்கியவர்கள், பின்னர் ‘ஆரோக்கியப்பச்சை’ என்னும் அச்செடியைக் காட்டினர். அதனுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து, கேரளத்துப் பாலோடு தாவரவியல் பூங்காவில் ‘ஜீவனி’ மருந்து உருவாயிற்று. கோவை நிறுவனம் ஒன்று தயாரிப்பு உரிமை பெற்றது. உரிமைத்தொகை 10 லட்சம் ரூபாயிலும், விற்பனையில் 2 விழுக்காட்டிலும் பாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது.

ஏட்டில் எழுதாத அறிவும் ஓர் உடைமையே. அதற்குரிய பங்கை அளிப்பதே நீதி அன்றோ! தோழியரே, நம் பாட்டிமாரின் கைமருந்துகளையும் கேட்டு எழுதி வைப்போம்; மருத்துவரைக் கேட்டே உண்போம்.