தவிட்டுக்குள் ஒளிந்த உமி

பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்து படிக்கும் மாணவன் ஒருவன், ஒரு நாள் காகிதப் பொட்டலம் ஒன்றை என் மேசைமீது வைத்தான். பிரித்தால் தவிடு!

“பத்து நாளா மாடு சரியாத் தின்றதில்லைங்க சார். பாலும் குறைஞ்சு போச்சுங்க. தவிட்டுல உமி கலந்திருக்குன்னு எங்க அம்மாயி சொல்றாங்க. கடைக்காரர் இல்லவே இல்லைன்னு சாதிக்கிறாருங்க. மைக்ராஸ்கோப்புல பார்த்தாத் தெரியுமுங்களா?”

பௌதிக ஆசிரியனிடம் தவிட்டுக்கு நியாயம் கேட்டு வந்தவன் அநேகமாக இவன் ஒருவன்தான். ஆயினும் கேள்வி நல்ல கேள்வி.

தவிடு என்பது அரிசியின் மேல்தோல். அதில் புரதமும் எண்ணெயும் உண்டு. உமியோ நெல்லின் வெளிக்கூடு. நாரும் சிலிக்காவும் நிறைந்தது. மாட்டின் வயிற்றை நிரப்புமே தவிர ஊட்டம் தராது. உமியை மாவாக அரைத்துத் தவிட்டில் கலந்துவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஏன் அப்படி? 25 சென்டிமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள இரு புள்ளிகளை மட்டுமே நம் கண் தனித்தனியாகப் பிரித்தறியும். அதைவிட நெருங்கியவை எல்லாம் ஒரே நிறத் தூளாகக் கலங்கித் தெரியும்.

ஆனால் அரைப்பவர் ஒன்றை மறந்துவிடுகிறார். எந்திரம் துகளின் அளவைத்தான் குறைக்கும். அதன் மேற்பரப்பின் அமைப்பை அழிப்பதில்லை. தீவன நுண்ணோக்கியியல் முழுவதும் இந்த ஓர் உண்மையின்மேல் நிற்கிறது.

விலங்கியல் துறையிலிருந்து ஸ்டீரியோ நுண்ணோக்கி ஒன்றை இரவல் வாங்கினோம். நீங்கள் பள்ளியில் பார்த்திருக்கும் நுண்ணோக்கியில் ஒளி கீழிருந்து பொருளை ஊடுருவி வரும். தவிட்டுத் துகள் ஒளி புகாதது. அதில் வைத்தால் கறுப்பு நிழல்தான் தெரியும். ஸ்டீரியோ நுண்ணோக்கியில் மேலிருந்து ஒளி விழுகிறது. இரு கண்களுக்கும் இரு தனிப் பாதைகள் இருப்பதால் மேடுபள்ளம் தெரிகிறது. 20 மடங்கு பெருக்கினாலே போதும். தவிடு மெல்லிய, எண்ணெய்ப் பசையுள்ள பழுப்புச் செதில்களாகத் தெரிந்தது. இடையிடையே மஞ்சள் நிறத்தில் விறைப்பான சில்லுகள். அவற்றின்மேல் வரிசை வரிசையாகச் சிறு குமிழ்கள், உழுது போட்ட காட்டின் சால்களைப் போல! அதுதான் உமி.

மாணவன் துள்ளிக் குதித்தான். நான்தான் தடுத்தேன். பழைய ஹல்லர் மில்லில் அரைத்தால் உமியும் தவிடும் சேர்ந்தே வெளிவரும். அதில் சூது ஒன்றும் இல்லை. உமி இருக்கிறதா என்பதைவிட, எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி. ஆகவே உமியைத் தனியே நீக்கும் மில்லிலிருந்து நல்ல தவிடு வாங்கி வரச் சொன்னேன். அதில் நூற்றுக்கு 5, 10, 20 பங்கு உமித்தூள் கலந்து மூன்று மாதிரிகள் செய்தோம். அவற்றை அருகில் வைத்து ஒப்பிட்டபோது, கடைத் தவிடு 20 பங்கு கலந்த மாதிரியையே ஒத்திருந்தது. இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். நல்ல கைலென்ஸ் ஒன்று இருந்தால் போதும்.

‘இரசாயனச் சோதனை இருக்கும்போது கண்ணால் ஏன் பார்க்க வேண்டும்?’ என்று கேட்பீர்கள். டென்மார்க் நாட்டு இரசாயனி கெல்டால் 1883-இல் கண்ட முறையில், தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதம் இவ்வளவு என்கிறார்கள். இங்கேதான் வேடிக்கை! யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். கணக்குப்படி அதன் ‘புரதம்’ 287 சதவீதத்துக்கும் மேல். நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கு வரும் மீன்தூளில் ஒரு பிடி யூரியாவைத் தூவினால் புரத எண் ஏறிவிடும். பசுவின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களாவது சிறிதளவு யூரியாவைப் பயன்படுத்திக்கொள்ளும். அளவு மீறினால் அதற்கும் நஞ்சு. கோழிக்கோ அதனால் எந்தப் பயனும் இல்லை. எண்ணை ஏமாற்றலாம். ஆனால் செதிலும் முள்ளும் கிடக்கும் மீன்தூளில் பளபளக்கும் யூரியாப் படிகம் நுண்ணோக்கியின் கண்ணுக்குத் தப்புவது அரிது.

அதே மீன்தூளில் உப்பும் மணலும் இருக்கலாம். மூன்றும் வெண்மணிகள்தாமே, எப்படிப் பிரிப்பது? இங்கே பௌதிகம் கைகொடுக்கிறது. ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரு பொலராய்டுத் தகடுகளுக்கிடையே ஒளி வராது, இருட்டுத்தான். நடுவில் உப்பை வைத்தாலும் இருட்டு நீங்காது. யூரியாவும் மணலும் ஒளியை இரண்டாகப் பிரிக்கும் படிகங்கள்; ஆகவே அவை இருட்டில் மின்னும். நீர் விட்டால் யூரியா கரையும், மணல் கிடக்கும். மாவுச்சத்து மணிகளையும் இதே தகடுகளுக்கிடையே பாருங்கள்: ஒவ்வொரு மணியிலும் ஒரு கரிய சிலுவை! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

நுண்ணோக்கிக்குத் தெரியாததும் உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. காரணம், அவற்றின் தீவனத்தில் சேர்ந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு. அஃப்ளடாக்சின் என்று பின்னர் பெயரிட்டார்கள். பூஞ்சையின் இழை நுண்ணோக்கியில் தெரியும். நஞ்சின் மூலக்கூறு தெரியாது. அதைப் பிரித்தெடுத்துப் புறஊதா ஒளியில் வைத்தால் ஒரு வகை நீலமாகவும் மற்றொரு வகை பச்சையாகவும் ஒளிரும். இத்தகைய சோதனைகளுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் உள்ளது. நம் மாணவனையும் மீதித் தவிட்டுடன் அங்கே போகச் சொன்னேன். மாட்டை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டு என்றும் சொன்னேன். பால் குறைய நூறு காரணம் இருக்கலாம்.

மறுவாரம் அவன் தனியே வரவில்லை. கூடவே கடைக்காரர்! நான்கு மாதிரிகளையும் அவரே மாற்றி மாற்றிப் பார்த்தார். வெகு நேரம் தலையை நிமிர்த்தவில்லை.

“நானும் மூட்டையாத்தானுங்க வாங்குறேன்” என்றார் கடைசியில். பிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்தார். “இது வேற மில்லுச் சரக்குங்க. இதையும் ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க.”