கணிப்பொறியின் காலக்கணக்கு

ஒரு வேலை தாமதமாகின்றது என்றால், அத்தாமதம் எங்கே நேர்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அறியாது திருத்தப் புகுவோர், கூரை ஓரிடத்தில் ஒழுக வேறோரிடத்தில் ஓலை வேய்வாரை ஒப்பர். கணிப்பொறிக்கும் இவ்வுண்மை பொருந்தும். கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுதி நிரல் எனப்படும். டொனால்டு நூத் என்னும் அமெரிக்க அறிஞர், பார்ட்ரான் மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் பலவற்றை ஆராய்ந்து, 1971ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். பொதுவாக ஒரு நிரலில் நூற்றுக்கு 4 பங்கிற்கும் குறைவான பகுதியே, அந்நிரல் ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றது என அவர் கண்டார். அச்சிறு பகுதியை அறிந்து திருத்தினால் உழைப்புப் பயன் தரும். அறியாவிடின், எஞ்சிய பெரும்பகுதியைத் திருத்தித் திருத்திக் களைப்பதே மிஞ்சும்.

அப்பகுதியைக் கண்டறிவது எவ்வாறு? கணிப்பொறியில் கட்டளைகளை நிறைவேற்றும் உறுப்பு செயலி ஆகும். அது ஒரு வினாடியில் நூறு கோடிக்கும் மேற்பட்ட கட்டளைகளை நிறைவேற்ற வல்லது. ஒவ்வொன்றையும் குறித்து வைக்கப் புகுந்தால், குறிக்கும் வேலை செய்யும் வேலையினும் பெரிதாகிவிடும். ஆகவே இடையிடையே மாதிரி எடுத்துப் பார்த்தலே தக்க வழியாகும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஆனால் பானைச் சோறு முழுவதும் ஒரே தீயில் வேவது. நிரலின் பகுதிகளோ ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. எனவே இங்கு மாதிரிகள் பல வேண்டும்.

இவ்வேலையைச் செய்வது, கணிப்பொறியின் எல்லா உறுப்புகளையும் ஆளும் உட்கரு என்னும் அடிப்படை நிரலாகும். 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் எழுதத் தொடங்கிய லினக்ஸ் அத்தகைய உட்கருக்களுள் ஒன்று. உட்கரு, டைமர் என்னும் காலக்கருவியைக் குறித்த இடைவெளிக்கு அமைத்துவிடும். அந்நேரம் வந்ததும் டைமர் செயலியைத் தட்டி நிறுத்தும். அக்கணத்தில் செயலி எக்கட்டளையில் நின்றது என்பதை உட்கரு குறித்துக்கொண்டு, அதனை மீண்டும் ஓடவிடும். வினாடிக்கு 100 முறை இவ்வாறு பார்த்தால், 60 வினாடிகளில் 6,000 மாதிரிகள் கிடைக்கும். அவற்றுள் 1,500 மாதிரிகள் ஒரே பகுதியைக் காட்டுமாயின், ஏறத்தாழக் கால்பங்கு நேரம் அங்கே செலவாயிற்று என்று கொள்ளலாம். மாதிரிகளை நூறு மடங்கு பெருக்கினால், கணக்கின் பிழை பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

இக்காலக் கணிப்பொறிகளில் செயலிகள் பல உள்ளன. ஒரு செயலியின் டைமர் அச்செயலியில் நடப்பதை மட்டுமே காணும். ஒரு வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துவிட்டுப் பள்ளி முழுவதற்கும் அதுவே கணக்கு என்று சொல்லலாகுமா? ஆகையால் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி டைமரும் தனித்தனிக் குறிப்பேடும் வேண்டும். குறிப்பேடு ஒன்றேயாயின், எழுதும் முறைக்காகச் செயலிகள் ஒன்றையொன்று எதிர்பார்த்துக் காத்திருக்க நேரும்.

செயலிகள் எப்பொழுதும் விழித்திருப்பதுமில்லை. மடிக்கணினி உறக்கநிலைக்குச் செல்லும்பொழுது, லினக்ஸ் ஒரு செயலியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பணியினின்று விலக்குகின்றது. விழித்தபின் அவற்றை மீண்டும் சேர்க்கின்றது. விலகும் செயலியின் டைமரை முன்னதாக நீக்காவிட்டால், அது வேறொரு செயலிக்கு மாறிச் செல்லக்கூடும். அப்பொழுது அச்செயலியின் வேலை இருமுறை எண்ணப்படும். திரும்பிவரும் செயலிக்கு டைமர் அமைக்க மறந்தாலோ, அது எவ்வளவு உழைத்தாலும் கணக்கில் ஏறாது; உழைப்பவன் சோம்பேறியாகத் தோன்றுவான். 2021ஆம் ஆண்டு வரை லினக்ஸ் உட்கருவில் இடம்பெற்றிருந்த ஓப்ரொபைல் என்னும் ஆய்வுக்கருவி, தன் டைமர் முறையில் இவ்விரண்டையும் கவனித்தது. டைமர்களைத் தொடங்கும் அச்சிறு பொழுதில் எச்செயலியும் சேராமலும் விலகாமலும் இருக்குமாறு அது காத்துக்கொண்டது.

இடைவெளியைத் தேர்வதிலும் கவனம் தேவை. ஒருமுறை தட்டி நிறுத்த 5 மைக்ரோ வினாடி செலவாகின்றது என்று கொள்வோம். மைக்ரோ வினாடி என்பது வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. வினாடிக்கு 100 முறை நிறுத்தினால் 2,000இல் ஒரு பங்கு நேரமே வீணாகும். 1,00,000 முறை நிறுத்தினாலோ பாதி நேரம் பறிபோகும். ஆய்வே தாமதத்திற்குக் காரணமாகிவிடும். வேறோர் இடரும் உண்டு. மணிக்கொரு முறை பேருந்து வந்துசெல்லும் நிலையத்தை ஒருவர் சரியாக அவ்வேளைகளில் மட்டுமே பார்த்தால், பேருந்து அங்கேயே நிற்கின்றது என்றுதான் கருதுவார். நிரலின் தாளமும் டைமரின் தாளமும் ஒன்றாயின் இம்மயக்கமே நேரும். அதனால் பலர் 100க்கு மாறாக 99 முறை என அமைப்பர்.

உட்கரு சில நெருக்கடியான வேலைகளின்போது எவ்விதக் குறுக்கீட்டையும் ஏற்காது. அவ்வேளையில் டைமரின் தட்டல் காத்துநிற்கும். கதவு திறந்ததும் அவ்விடத்திலேயே மாதிரி பதிவாகும். இதனை அறியாதவர், கதவருகே உள்ள கட்டளைமீது பழி சுமத்துவர். உள்ளே நேரத்தை உண்ட கட்டளை தப்பிவிடும். ஆகவே, அளக்கும் கருவி எதனைக் காணும், எதனைக் காணாது என்பதைத் தெரிந்துகொண்ட பின்னரே அதன் கணக்கை நம்புதல் வேண்டும். எல்லாச் செயலிகளையும் ஒருபடித்தாக நோக்கி, எதனையும் விடாமலும் இருமுறை எண்ணாமலும் எடுத்த கணக்கே திருத்துவோர்க்கு வழிகாட்டும்.